சோர் பஜாரும் மாமியின் வட்ட மேஜையும்

மும்பையில் வாழும் தமிழ் மக்களுள் மாதுங்காவை அறியாதார் இலர். அங்குள்ள பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு, அவ்விடங்களில் அடுக்குமாடி வீடுகள் எழுந்துவருவதும் யாவரும் காண்பதே. வீடு மாறும்பொழுது மனிதர்கள் எப்படியோ இடம் தேடிக்கொள்கின்றனர். மரச்சாமான்களுக்குத்தான் இடம் கிடைப்பதில்லை. பாட்டனார் காலத்துப் பீரோவும் சாய்வு நாற்காலியும் வந்த விலைக்குப் பழைய சாமான் வாங்குபவர் கைக்குப் போய்ச் சேருகின்றன.

எங்கள் எதிர்வீட்டு மாமிக்கும் இந்நிலைமை வந்தது. அவருடைய மாமனார் வாங்கிய வட்ட மேஜை ஒன்று அவ்வீட்டில் உண்டு. மூன்றடி அகலப் பலகை, நடுவே ஒற்றைத் தூண், அடியில் விரிந்த மூன்று கால்கள், மேலே மெழுகுத்துணி. அவர் பிள்ளைகள் மூவரும் அதைச் சுற்றி அமர்ந்தே படித்து ஆளானவர்கள். புதுக் கட்டடம் எழும்வரை குடியிருக்கவேண்டிய வாடகை வீட்டில் அதற்கு இடமில்லை. பழைய சாமான் வாங்குபவர் 1,500 ரூபாய் தருவதாகச் சொன்னார். தச்சர் ஒருவரோ, சுரண்டி இழைத்துப் புது வார்னிஷ் பூசினால் இரண்டு மடங்கு போகும் என்றார்.

"தச்சர் திங்கட்கிழமை வருகிறார். அதற்குள் நீங்கள் எங்கேனும் விசாரித்து வந்து சொல்லுங்கள். நீங்கள் சொல்கிறபடி செய்துவிடுகிறேன்" என்றார் மாமி. பிறர் பொருளுக்கு யோசனை சொல்வது பொறுப்பான காரியம். ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையில், கணவனும் மனைவியுமாக நாங்கள் சோர் பஜாருக்குப் புறப்பட்டோம்.

மாதுங்காவிலிருந்து சத்ரபதி சிவாஜி மகாராஜ் நிலையம் செல்லும் மெதுவண்டியில் ஏறி, சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் பேண்டி பஜார் வட்டாரம் வந்துவிடுகிறது. அதை ஒட்டியதே சோர் பஜார். இரைச்சல் மிகுந்த இடமாதலால் முதலில் 'ஷோர் பஜார்' எனப் பெயர் பெற்று, பிறகு 'சோர்' எனத் திரிந்தது என்று சொல்வார் உண்டு. மட்டன் தெரு என்பது அதன் நடுநாயகம். வெள்ளிக்கிழமையில் இத்தெருக் கடைகள் மூடியிருக்கும். அன்று சுற்றுப்புறத் தெருக்களில் பழம்பொருள்கள் தரையிலே பரப்பி விற்கப்படும். மரச்சாமான் பார்க்க விரும்பும் அன்பர்கள் மற்ற நாள்களில் செல்வதே நலம்.

கடைகள் யாவும் குறுகியவை. பொருள்களோ கூரை தொட அடுக்கப்பட்டவை. கப்பல் விளக்குகள், சுவர்க் கடிகாரங்கள், நிலைக்கண்ணாடிகள் இவற்றிடையே மூடப்பட்ட இரானி தேநீர்க்கடைகளிலிருந்து வந்த வளைமர நாற்காலிகளும் இருந்தன. இவ்வகை நாற்காலிக்கு மூலமானது, தோனெட் என்னும் கைவினைஞர் 1859ஆம் ஆண்டில் வியன்னாவிலிருந்து வெளியிட்ட பதினான்காம் எண் நாற்காலி. பீச் மரக் கழியை நீராவியில் பதப்படுத்தி வளைத்தது. 6 மரத்துண்டுகள், 10 திருகாணிகள், 2 மரைகள், இவ்வளவே அதன் உறுப்புகள். பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர்ப் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கும். பின்னர்ப் பலரும் இதைப்போலவே செய்து விற்றனர். எனவே, இது யார் செய்தது என்று அறிய, இருக்கையின் அடிவளையத்தில் ஒட்டிய சீட்டையோ பதித்த முத்திரையையோ பார்க்கவேண்டும்.

முதலில் நுழைந்த கடையில், பளபளவென்று மின்னிய பெட்டி ஒன்றைக் காட்டி, இருநூறு ஆண்டுப் பழமையானது என்று உறுதி கூறினர். அடுத்து, 'ஜி.ஐ.பி.' எழுத்துகள் பொறித்த நாற்காலி ஒன்றைக் காட்டினர். ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்ப்பவர்க்கு அவ்வெழுத்துகள் பழக்கமானவை. கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே 1951ஆம் ஆண்டு நவம்பரில் மத்திய ரயில்வேயோடு இணைந்துவிட்டது. ஆகவே முத்திரை மெய்யானால் நாற்காலி அதற்கு முற்பட்டதாகவே இருக்கவேண்டும். ஆனால் எழுத்தின் பள்ளத்திலே மரம் புதுநிறமாக வெளுத்திருந்தது. முத்திரையை நேற்றும் அடிக்கலாம் அன்றோ?

நான்கைந்து கடை தாண்டி, மூக்குக்கண்ணாடியோடு செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் வந்த காரியத்தைச் சொன்னோம். கைபேசியிலிருந்த மேஜையின் படத்தைக் காட்டினோம். அவர் ஒரு கணம் பார்த்துவிட்டு, "மேலே பூசியவன் கை தெரியும். செய்தவன் கை அடியில்தான் இருக்கும். அடிப்பக்கத்தின் படம் எங்கே?" என்று இந்தியில் கேட்டார். நாங்கள் விழித்தோம். அவர் சிரித்து, கடையிலிருந்த பொருள்களைக் கவிழ்த்துக் காட்டியே பாடம் நடத்தலானார்.

இழுப்பறையை வெளியே எடுத்து அதன் மூலைகளைக் காண்க. பற்கள் கோத்தாற்போன்ற இணைப்பு ஒன்றுக்கொன்று சற்றே வேறுபட்டிருப்பின் அது கைவேலை; அச்சில் வார்த்தாற்போல் ஒரே அளவாயிருப்பின் பெரும்பாலும் இயந்திரவேலை. மெருகிடாத பலகையில் வில்போன்ற வளைந்த கோடுகள் தென்பட்டால் அது வட்ட ரம்பத்தால் அறுத்தது. திருகாணியின் தலையில் சிலுவைபோல் வெட்டு இருந்தால் அவ்வாணி பழையதன்று; அவ்வகை ஆணி 1930களில் அமெரிக்காவில் தோன்றியது. அதனாலேயே சாமானும் புதியது என்று முடிவு கட்டிவிடலாகாது. பிற்காலத்தில் எவரோ பழுது பார்த்தும் இருக்கலாம். வட்ட மேஜையை அளந்து பார்ப்பது மற்றொரு சோதனை. மரம் தன் ரேகைக்குக் குறுக்கே சுருங்கும். நீளவாட்டில் அநேகமாகச் சுருங்காது. எனவே நாட்பட்ட வட்டப்பலகை முழுவட்டமாக இராது.

விலையைப் பற்றியும் அவர் ஒளிக்காமல் கூறினார். பழமை ஒன்றே விலையாகாது. ஈட்டியா தேக்கா என்னும் மரவகை, வேலைப்பாடு, உறுப்புகள் மாறாமை, வாங்கியதற்கான சான்று, இன்றைய வீட்டில் அடங்கும் அளவு இவை எல்லாம் சேர்ந்ததே விலை. அரண்மனைப் பீரோவை விடச் சிறு மேஜைக்கே வாங்குவோர் மிகுதி. கடையில் சொல்லும் விலை வேறு; கடைக்காரர் நமக்குக் கொடுக்கும் விலை வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக, பல்லாண்டுக் கைபட்டு ஏறிய மெருகைச் சுரண்டிவிட்டால் அதை எவராலும் திரும்பக் கொண்டுவர முடியாது; விலையும் அதோடு போகும். "தச்சரைத் தடுத்துவிட்டு அடிப்படத்தை அனுப்புங்கள்" என்று சொல்லி விடை கொடுத்தார். தச்சர் சொல்வதும் சரிதானே என்று அதுவரை எண்ணியிருந்த எங்களுக்கு நெஞ்சு படபடத்தது.

அன்று மாலையே மாமி வீட்டில் மெழுகுத்துணியை அகற்றி மேஜையைக் கவிழ்த்தோம். ரேகையின் நீளவாட்டில் 36 அங்குலம் இருந்தது. குறுக்கே அளந்தால் கால் அங்குலத்திற்கும் சற்று மிகுதியாகக் குறைந்தது. தூண் பலகையைத் தாங்கும் இடத்தில் துருவேறாத பித்தளைத் தாழ் ஒன்று. அதன் அருகே இரண்டு திருகாணிகள். இரண்டின் தலையிலும் சிலுவை வெட்டு! ஓரத்திலே பழுத்த காகிதம் ஒன்று ஒட்டியிருந்தது. மாமி அதை விளக்கருகே நின்று படித்தார். 1947ஆம் ஆண்டு ஏலத்தில் 45 ரூபாய்க்கு எடுத்ததாக, மாமனாரின் கையெழுத்தில் இரண்டு வரிகள். தச்சரின் இழைப்புளி பட்டிருந்தால் அக்காகிதமும் தூளாகியிருக்கும்.

சிலுவை ஆணிகள் பிற்காலத்தவை ஆகையால் அஞ்சாமல் கழற்றினோம். தாழை நெகிழ்த்தவும், பலகை மெல்ல எழுந்து தூணோடு செங்குத்தாக நின்றது. மடக்கிச் சுவரோரம் நிறுத்துவதற்கென்றே செய்த மேஜை அது! பலகை ஆடியபோது யாரோ ஆணியடித்து நிறுத்திவிட்டனர். அத்தனை ஆண்டுகளும் வீட்டார் அறியவில்லை. அடிப்பக்கப் படங்களைக் கண்ட பெரியவர் 22,000 ரூபாய் தருவதாகத் தெரிவித்தார். மாமி அன்றிரவு முழுவதும் யோசித்தார். பணம் அவருக்கு வேண்டாததன்று. ஆயினும் காலையில், "இடமில்லை என்பதால்தானே கொடுக்க நினைத்தேன்? இப்போது இடம் இருக்கிறதே" என்றார். திங்கட்கிழமை வந்த தச்சர், ஆடிய கால் ஒன்றைப் பசையிட்டு இறுக்கிவிட்டுச் சென்றார்.

இனி, வீட்டில் பழஞ்சாமான் வைத்திருக்கும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். மழைக்காலத்தில் சாமானைச் சுவரோடு ஒட்டாமல் நான்கு விரல் தள்ளி வையுங்கள். ஈரத்துணி வேண்டாம்; உலர்ந்த மென்துணியால் துடைத்து, ஆண்டுக்கு ஓரிரு முறை தேன்மெழுகு சிறிதே தேயுங்கள். அரக்கு மெருகின்மேல் சூடான பாத்திரம் வைத்தால் வெள்ளை வளையம் விழும். பிரம்பு இருக்கை தொய்ந்தால், அடிப்பக்கத்தை வெந்நீர்த் துணியால் நனைத்து நிழலில் உலரவிடுங்கள், பெரும்பாலும் இறுகிவிடும். பூச்சித் துளைகள் தென்பட்டால் அடியில் கறுப்புக் காகிதம் விரித்து வையுங்கள். புதுமாவு உதிர்ந்தால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது. நூறாண்டு கடந்த கலைப்பொருளைப் பிள்ளைகளுக்காக வெளிநாடு அனுப்ப எண்ணுவோர் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தை நினைவிற்கொள்க. தனியார் அவற்றை ஏற்றுமதி செய்ய அது இடந்தராது.

மாமி இப்பொழுது வாடகை வீட்டில் குடியிருக்கிறார். பகலில் மேஜை சுவரோரம் நிற்கிறது. இரவில் சாப்பாட்டுக்கு விரிகிறது. விற்பதும் வைத்திருப்பதும் அவரவர் வசதியைப் பொறுத்தவை. எதுவாயினும், பழைய சாமானை வாசலுக்கு அனுப்புமுன் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.