முப்பத்தாறாவது படம்

பெங்களூர் நகரிலிருந்து பெல்லாரி சாலையில் வடக்கு நோக்கிச் சென்றால் எலகங்கா என்னும் ஊர் வரும். அங்கே இந்திய விமானப்படையின் தளம் ஒன்று உள்ளது. போக்குவரத்து விமானங்களை ஓட்டுவோர் பயிற்சி பெறும் இடம் அது. 1996-ஆம் ஆண்டு முதல், ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, அந்தத் தளம் சில நாள்களுக்குத் திருவிழாக் கோலம் பூணுகிறது. ‘ஏரோ இந்தியா’ என்னும் விமானக் கண்காட்சி நடைபெறும் நாள்கள் அவை.

நான் முதன்முதலாக அங்குச் சென்றது 2003-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில். அப்போது எனக்கு வயது பதினேழு. ஓசூரில் மேல்நிலை இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். போர் விமானம் ஓட்ட வேண்டும் என்பது சிறு வயது முதல் என் கனவு. ஆனால் ஒன்பதாம் வகுப்பிலேயே மூக்குக் கண்ணாடி ஏறிவிட்டது. கனவும் அத்துடன் இறங்கிவிட்டது. விமானத்தை ஓட்ட இயலாவிட்டாலும் படமாவது பிடிக்கலாமே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

என் தந்தையார் ஓசூரில் சிறியதொரு புகைப்பட நிலையம் நடத்தி வந்தார். திருமணம், புதுநன்மை, கோயில் திருவிழா என்று பிறர் வீட்டு மகிழ்ச்சிகளைப் படம் பிடித்தே எங்களை வளர்த்தவர். நான் கேட்டதும் நிலையத்தின் பழைய பென்டாக்ஸ் கே 1000 கருவியையும், 135 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றையும், ஒரே ஒரு பிலிம் சுருளையும் எடுத்துத் தந்தார்.

“முப்பத்தாறு படம் இருக்கிறது. கடைசிப் படத்தை மட்டும் வாசலைத் தாண்டும் வரையில் வைத்துக்கொள்” என்றார்.

“எதற்கு அப்பா?”

“கல்யாண வீட்டில் எல்லாம் முடிந்துவிட்டது என்று நாம் பெட்டியை மூடும்போதுதான் ஏதாவது நடக்கும். அதற்குத்தான்.”

அம்மாவுக்கு நான் போவதில் விருப்பமில்லை. பிப்ரவரி 1-ஆம் நாள்தான் கொலம்பியா விண்ணோடம் பூமிக்குத் திரும்பும் வழியில் சிதறி, கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேர் மாண்டிருந்தனர். எல்லாச் செய்தித்தாள்களிலும் அப்பெண்ணின் புன்னகை முகம். “மேலே போனவர்கள் திரும்பி வரவில்லையே, ஐயா” என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். “நான் தரையில்தானே நிற்கப் போகிறேன்” என்று சொல்லிவிட்டுப் புளிச்சோற்றுப் பொட்டலத்துடன் விடியற்காலைப் பேருந்தில் ஏறினேன். அது 8-ஆம் நாள், சனிக்கிழமை.

தளத்தினுள் நுழைந்ததும் கண்கள் நிலைகொள்ளவில்லை. நாளேடுகளில் தபால்தலை அளவில் பார்த்திருந்தவை வீடுகளைப் போல உயர்ந்து நின்றன. முந்தைய ஆண்டு செப்டம்பரில்தான் புனே நகரில் விமானப்படையில் சேர்க்கப்பட்ட சுகோய் 30 எம்.கே.ஐ. விமானத்தைக் கண்டபோது என் கைகள் நடுங்கின. விமானங்களுக்கு முன்னே, சந்தையில் காய்கறி பரப்பி வைப்பது போல, குண்டுகளையும் ஏவுகணைகளையும் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். வண்ணம் தீட்டிய அந்த உருளைகள் வெயிலில் பளபளத்தன. அவற்றை மட்டும் நான்கு படங்கள் எடுத்தேன். தரையில் நின்றவற்றுக்கே பத்துப் படங்கள் கரைந்துவிட்டன.

பிறகு விமானங்கள் பறக்கத் தொடங்கின. அப்போதுதான் என் அறியாமை வெளிப்பட்டது. இடி போன்ற ஒலி எங்கிருந்து வருகிறதோ அங்கே கருவியைத் திருப்புவேன். வானம் வெறுமையாக இருக்கும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் தூரம்தான் செல்லும். ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து அது நம் செவியை அடைய மூன்று நொடிகள் ஆகின்றன. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் விரையும் விமானம் அதற்குள் முக்கால் கிலோமீட்டர் போய்விடும். வகுப்பில் இக்கணக்கைப் போட்டு முழு மதிப்பெண் பெற்றவன்தான் நான். ஆனால் காது காட்டும் இடத்தில் விமானம் இராது என்பதை எலகங்காவில்தான் கற்றேன்.

பிழை அதனுடன் நிற்கவில்லை. வெண்மையான வானத்தின் ஒளியை நம்பி அளவு வைத்ததால் விமானங்கள் கரிய நிழல்களாயின. துருவ் ஹெலிகாப்டரை ஐந்நூறில் ஒரு நொடி வேகத்தில் எடுத்தேன்; அதன் சுழலிகள் உறைந்து, கயிறு கட்டித் தொங்கவிட்ட பொம்மை போலப் பதிந்தது. சுகோய் விமானம், எஞ்சின்களின் வாயையே திருப்பி, இவ்வளவு மெதுவாகவும் ஒரு போர் விமானம் திரும்ப இயலுமோ என்று வியக்கும்படி வானில் வளைந்தது. நான் படம் எடுக்கவே மறந்து வாய் பிளந்து நின்றேன்.

இறுதியில் ‘சூரிய கிரண்’ குழு வந்தது. சிவப்பும் வெள்ளையும் பூசிய ஒன்பது கிரண் விமானங்கள். 1964-இல் முதன்முதலாகப் பறந்த கிரண், பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையிலேயே வடிவமைக்கப்பட்டது. ஒன்றன் இறக்கைக்கு அடுத்து மற்றொன்று, சில மீட்டர் இடைவெளியில், கொக்குக் கூட்டம் போல அவை திரும்பின, பிரிந்தன, மீண்டும் கூடின. மூச்சுவிடவும் மறந்து படம் எடுத்தேன். முப்பத்தைந்து முடிந்தது.

விமானங்கள் ஒவ்வொன்றாகத் தரையிறங்கத் தொடங்கின. கூட்டம் கலைந்து வாசலை நோக்கி நகர்ந்தது. நானும் திரும்பினேன். கயிற்றுக்கு அப்பால், விமானப்படைச் சீருடை அணிந்த தொழில்நுட்பப் பணியாளர் ஒருவர் நின்றிருந்தார். நடுத்தர வயது, முழங்கைவரை எண்ணெய்க் கறை. அவர் ஓடுதளத்தையே நோக்கியபடி, வலக்கைக் கட்டைவிரலால் விரற்கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார். உதடுகள் அசைந்தன. ஆறு, ஏழு, எட்டு... ஒன்பதாவது விமானத்தின் சக்கரம் தரையைத் தொட்டதும் அவர் கை தானே கீழே இறங்கியது. நெடிய மூச்சொன்று விட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். கை இறங்குவதற்கு முன் நான் கடைசிப் படத்தை எடுத்திருந்தேன். ஏன் எடுத்தேன் என்பதை அன்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திராது.

மூன்று நாள்களுக்குப் பின் படங்கள் வந்தன. அப்பா அவற்றை மேசைமேல் சீட்டுப் போலப் பரப்பி ஒவ்வொன்றாகப் பிரித்தார். வெற்று வானம் ஒன்பது. ஈ மொய்த்தாற்போன்ற கரும்புள்ளிகள் பதினொன்று. தேறியவை ஐந்து. அவர் சினக்கவில்லை. “பறப்பதைச் சுடும்போது கண்ணும் கையும் அதனுடனேயே ஓட வேண்டும், நின்றுகொண்டு பிடிக்க முடியாது” என்று மட்டும் சொல்லித் தந்தார்.

குண்டு வரிசைப் படங்கள் நான்கையும் நெடுநேரம் பார்த்தார். அவை கூர்மையாக, குறையின்றி இருந்தன. நான் பாராட்டை எதிர்பார்த்தேன்.

“நன்றாகத்தான் எடுத்திருக்கிறாய். இது விழுகிற இடத்தை யார் படம் எடுப்பார்கள்?” என்றார்.

எனக்கு விடை தெரியவில்லை. அவரும் விடையை எதிர்பார்த்தவராகத் தோன்றவில்லை. அடுத்ததாகக் கடைசிப் படத்தை எடுத்தார். விரலை எண்ணும் மனிதர். நான் நடந்ததைச் சொன்னேன். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மறுவாரமே அதைப் பெரிதாக்கிச் சட்டமிட்டு, மணமக்கள் படங்களுக்கு நடுவே நிலையத்தின் முகப்பில் மாட்டிவிட்டார். “இவர் யார், உங்கள் உறவினரா?” என்று கேட்டவர்கள் பலர். “ஆமாம்” என்பார் அப்பா.

அப்பா 2016-இல் காலமானார். நிலையத்தை மூடியபோது மற்றப் படங்கள் பரணுக்குச் சென்றன. இந்தப் படத்தை மட்டும் என் வீட்டுக் கூடத்தில் மாட்டினேன்.

2019-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள், அதே எலகங்காவில், கண்காட்சி தொடங்குவதற்கு முந்தைய நாள் ஒத்திகையில், சூரிய கிரண் குழுவின் ஹாக் விமானங்கள் இரண்டு வானில் மோதிக்கொண்டன. இருவர் உயிர் தப்பினர். விங் கமாண்டர் சாஹில் காந்தி மாண்டார். தொலைக்காட்சியில் செய்தி கேட்டதும் என் கண்கள் சுவரிலிருந்த படத்துக்கே சென்றன. அன்றும் ஓடுதளத்தின் ஓரத்தில் யாரோ ஒருவர் விரலை எண்ணிக்கொண்டு நின்றிருப்பார். அவருடைய கட்டைவிரல் எந்தக் கணுவில் நின்றதோ! அம்மா அன்று சொன்ன சொல்லின் கனத்தை அப்போதுதான் முழுமையாக உணர்ந்தேன். வானத்தில் யார் சென்றாலும், தரையில் ஒருவர் எண்ணியபடி காத்திருக்கிறார். குண்டு விழும் ஊரிலும் அவ்வாறே. வீடு திரும்ப வேண்டிய பிள்ளைகளை ஒரு தாய் எண்ணிக்கொண்டுதான் இருப்பாள்.

கடந்த 2025-ஆம் ஆண்டு பிப்ரவரியில் என் மகளை எலகங்காவுக்கு அழைத்துச் சென்றேன். அமெரிக்காவின் எப் 35 விமானமும் ரஷ்யாவின் சுகோய் 57 விமானமும் அங்கே வந்திருந்தன. அவள் கைப்பேசியில் நூற்றுக்கணக்கான படங்களை எடுத்துத் தள்ளினாள். பிலிம் தீர்ந்துவிடும் என்ற அச்சம் அவளுக்கு இல்லை. சூரிய கிரண் விமானங்கள் இறங்கத் தொடங்கியபோது, “அப்பா, வாருங்கள், கூட்டம் சேருமுன் போய்விடலாம்” என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

“கொஞ்சம் பொறு, அம்மா” என்றேன்.

ஒன்பது வரையில் எண்ணி முடித்த பின்னரே அங்கிருந்து நகர்ந்தேன்.