45 நாள் குட்டி

அரசாங்க ஆபீஸில் முப்பத்து நான்கு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். தேதியில்லாத மனு, முத்திரை தெளிவில்லாத சான்றிதழ், இணைப்பு விட்டுப்போன விண்ணப்பம் எதுவும் என் மேஜையைத் தாண்டிப் போனதில்லை. "திருத்திச் சமர்ப்பிக்கவும்" என்று எழுதித் திருப்பிவிடுவேன். அதற்காக என்னைத் திட்டியவர்கள் உறையூரிலும் பாலக்கரையிலும் இன்றும் இருக்கக்கூடும். அப்படிப்பட்டவன் 12,000 ரூபாய் கொடுத்து ஒரு நாய்க்குட்டி வாங்கியபோது, கையில் கொடுத்த அட்டையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

2024 பொங்கல் லீவு. ஆறாம் வகுப்புப் பேரன் ஒரு வருஷமாக லாப்ரடார் வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டிருந்தான். மாப்பிள்ளை எங்கெங்கோ விசாரித்து, திருச்சிக்குத் தெற்கே குட்டி வளர்த்து விற்கும் ஒருவரைப் பிடித்தார். ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை, ஃபினாயில் வாடை. தாய் நாயைப் பார்க்கலாமா என்று கேட்டேன். "அது வேற இடத்துல இருக்கு சார்" என்றார். ஒரு குட்டி மூலையில் சுருண்டு கிடந்தது. "இது ரொம்ப சாது சார், 45 நாள் குட்டி" என்றார். பேரனுக்கு அதைத்தான் பிடித்தது. கேரண்டி உண்டா என்று மாப்பிள்ளை கேட்டதற்கு, "24 மணி நேரம் கேரண்டி. அதுக்குள்ள ஏதாச்சும்னா வேற குட்டி தந்துடறேன்" என்றார். நானும் தலையாட்டினேன்.

காவிரிப் பாலம் தாண்டும்போதே அதற்குப் பெயர் வைத்துவிட்டான் பேரன். அந்தப் பெயரை இங்கே எழுத எனக்கு மனசில்லை.

மூன்றாம் நாள் பால் சாதத்தை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. சாயங்காலம் வாந்தி. ராத்திரி ரத்தமாகப் போனது. அந்த நாற்றம் ஒருமுறை மூக்கில் ஏறினால் மறக்காது. காலையில் டாக்டர் மலத்தை ஒரு சின்னப் பட்டையில் வைத்துச் சோதித்தார். இரண்டு கோடு விழுந்தது. பார்வோ. 1978 வாக்கில்தான் உலகமே முதன்முதலில் கண்டுகொண்ட வைரஸ் இது. நேராகக் கொல்லும் மருந்து இல்லை. டிரிப் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, குட்டியின் உடம்பே போராடட்டும் என்று காத்திருக்க வேண்டியதுதான்.

டாக்டர் அட்டையை வாங்கிப் பார்த்தார். பால்பாயிண்ட் பேனாவில் ஒரு தேதி. அவ்வளவுதான். "ஸ்டிக்கர் எங்கே சார்?" என்றார். தடுப்பூசிக் குப்பியின் லேபிளை உரித்து அட்டையில் ஒட்ட வேண்டுமாம். அதில் மருந்தின் பெயர், பேட்ச் நம்பர், காலாவதித் தேதி இருக்கும். பக்கத்தில் போட்ட டாக்டரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அதெல்லாம் இல்லாத அட்டை வெறும் காகிதம். அதோடு, ஓர் ஊசி போட்டிருந்தாலும் போதாது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி தடுப்பூசியை வேலை செய்ய விடாமல் கொஞ்ச காலம் மறிக்கும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, நான்கு மாதம் வரை சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாது. முத்திரை இல்லாத காகிதம் செல்லாது என்பது மட்டும் தெரியும். அதைத்தான் நான் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் விடிகாலை போய்விட்டது. கொல்லையில் மாமரத்தடியில் ஆழமாகத் தோண்டிப் புதைத்தோம். பேரன் அழவில்லை. "தாத்தா, நான்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன்" என்றான். எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. வீட்டுக்காரிதான் அவனை உள்ளே கூட்டிப்போனாள்.

விற்றவருக்குப் போன் செய்தேன். "உங்க வீட்ல வந்திருக்கும் சார். 24 மணி நேரம் தாண்டிடுச்சு. இருந்தாலும் பெரியவர் கேக்கறீங்க, வேற குட்டி எடுத்துக்கோங்க" என்றார். பேரன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இந்த வைரஸ் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்குமாம். ஃபினாயிலுக்கெல்லாம் அசையாது, பிளீச்சிங் பவுடர் கரைசல்தான் அதைக் கொல்லும். அதே கொட்டகையிலிருந்து இன்னொரு குட்டியைக் கொண்டுவந்து அதே கூடத்தில் விட்டால் என்ன ஆகும் என்று பதினொரு வயதுப் பையனுக்கு எப்படிச் சொல்வது?

விஷயம் தெரிந்து, பாரிஸ் பக்கம் இருக்கும் என் அக்கா மகன் கூப்பிட்டான். நான் காரைக்காலில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். அப்பா அங்கே ஒரு நொத்தேர் ஆபீஸில் எழுத்தர். மாடு விற்ற பத்திரங்களைப் பற்றிப் பேசும்போது "வீஸ் காஷே" என்று சொல்வார். மறைந்திருக்கும் குறை என்று அர்த்தம். மருமகன் சொன்னது அதற்கு ஒரு படி மேலே. "மாமா, இங்கே நாய்க்கென்று தனியாக வீஸ் ரெதிபித்வார் பட்டியல் இருக்கிறது" என்றான். பொருளைத் திருப்பிக் கொடுக்க உரிமை தரும் குறைகள். 1989 சட்டத்தில் வந்தது. டிஸ்டெம்பர், தொற்றுக் கல்லீரல் அழற்சி, பார்வோ, இடுப்பு மூட்டுக் குறை, விழித்திரைச் சிதைவு, விதை இறங்காமை என்று ஆறு. பார்வோ என்றால் குட்டி கைக்கு வந்த ஐந்து நாளுக்குள் டாக்டர் சந்தேகத்தை எழுத்தில் பதிய வேண்டும், முப்பது நாளுக்குள் கோர்ட்டுக்குப் போக வேண்டும்.

ஐந்து நாள் என்பது சும்மா வைத்த கணக்கில்லை. பார்வோ தொற்றினால் வெளியே தெரிய மூன்று முதல் ஏழு நாள் வரை ஆகலாம். ஐந்து நாளுக்குள் படுத்த குட்டி, பெரும்பாலும் விற்றவர் வீட்டிலேயே நோயை வாங்கியிருக்கும். எங்கள் குட்டி மூன்றாம் நாள் படுத்தது. 24 மணி நேரக் கேரண்டி எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று அப்போதுதான் புரிந்தது. (அங்கே வாங்குகிறவரும் ஓர் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டு, ஏழு நாள் கழித்துத்தான் குட்டியை எடுக்க முடியுமாம். எனக்கு அது பிடித்திருந்தது.)

நம் ஊரில் ஒன்றும் இல்லை என்று நினைக்க வேண்டாம். நாய் வளர்ப்பு, விற்பனை பற்றி மத்திய அரசு 2017 மே மாதம் விதிகள் வெளியிட்டிருக்கிறது. விற்பனைக்காகக் குட்டி போட வைப்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. தடுப்பூசி, மைக்ரோசிப், ரசீது எல்லாம் வேண்டும். எட்டு வாரம் என்றால் 56 நாள். "45 நாள் குட்டி" என்று அவர் சொன்னபோதே அவர் விதியை மீறுவதை அவர் வாயாலேயே சொல்லியிருக்கிறார். கேட்டுக்கொண்டு நின்றது நான்.

நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுத உட்கார்ந்தேன். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. ரசீது இல்லை, விற்றவர் கையெழுத்திட்ட ஒரு வரி இல்லை. கூகுள் பேயில் பணம் போனதும் டாக்டரின் சீட்டும்தான் மிச்சம். அதை வைத்தே முயன்றிருக்கலாம். வீட்டுக்காரி, "போனது போகட்டும், விடுங்க" என்றாள். விட்டுவிட்டேன். அது சோம்பலா, வெட்கமா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை.

பத்து மாதம் கழித்துப் பேரனே மெதுவாக மறுபடி ஆரம்பித்தான். இந்த முறை ராஜபாளையம். 2005-ல் தபால் துறை நாய்களுக்கு நான்கு ஸ்டாம்ப் வெளியிட்டதே, அதில் ஒன்று இந்த நாய். என் ஆல்பத்தில் பார்த்து ஆசைப்பட்டிருக்கிறான். நான் ஒரு தாளில் கைப்பட எழுதிக்கொண்டு போனேன்: பிறந்த தேதி, ஊசி விவரம், ஐந்து நாளுக்குள் தொற்றுநோய் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் முழுப் பணம். முதலில் போன இடத்தில், "நாய் வாங்க வந்தீங்களா, நிலம் வாங்க வந்தீங்களா?" என்று சிரித்தார்கள். கேசிஐ பேப்பர் இருக்கிறதே என்றார்கள். அது வம்சாவளிக்குச் சான்று, ஆரோக்கியத்துக்கு அல்ல.

இரண்டாவது இடத்தில் தாய் நாய் வாசலிலேயே படுத்திருந்தது. நான்கு வெள்ளைக் குட்டிகள். வெள்ளை ராஜபாளையத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பதுண்டு என்று கேள்விப்பட்டு, சாவிக்கொத்தோடு போயிருந்தேன். நான் அதை எடுப்பதற்குள் அவரே ஒரு குட்டியைத் தூக்கி, "இதுக்குக் காது கேக்காதுங்க. யாருக்கும் தரல, நானே வெச்சுக்கறேன்" என்றார். என் தாளை இரண்டு தடவை நிதானமாகப் படித்தார். "தேதி போடலையே ஐயா" என்று திருப்பிக் கொடுத்தார்.

போட்டுக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டார். 63 நாள் குட்டி. அட்டையில் இரண்டு ஸ்டிக்கர்.