ஜெலட்டின் இல்லை, மக்சிக்!

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு வந்த ஒரு முஸ்லிம் பெண்மணிக்கு, மது கலந்த இனிப்பைத் தெரிந்தே, சொல்லாமல் பரிமாறினேன். அவருடைய பேரனுக்கும் ஒரு டப்பாவில் தாப்பாவ் கட்டிக் கொடுத்தேன். சுற்றி வளைத்தால் எனக்கு நானே சலுகை காட்டியதாகிவிடும். அதனால் முதலிலேயே போட்டு உடைத்துவிட்டேன்.

ஜொகூர் தம்போயில் எங்களுடையது வரிசை வீடு. அந்தப் பெண்மணி பக்கத்து வீட்டுக்காரர்; மலாய் வழக்கப்படி ‘மக்சிக்’ (அத்தை) என்றுதான் கூப்பிடுவேன். மக்சிக் வீட்டுச் சுவரும் எங்கள் சுவரும் ஒன்றுதான். அவர் இஞ்சி இடித்தால் எங்கள் அடுப்படியில் கேட்கும். ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் அவர் வீட்டிலிருந்து எங்களுக்கு ஒரு தட்டு கேக் பாத்தேக் வரும். மலேசியாவில் ‘பேக்’ செய்யாத சாக்லெட் இனிப்பு என்றால் அதுதான். மைலோ, கோக்கோ, பால்டின், வெண்ணெய், முட்டை எல்லாவற்றையும் சட்டியில் கிளறி, மாரி பிஸ்கட்டை உடைத்துப் போட்டு, அழுத்தி, ஐஸ்பெட்டியில் வைத்து வெட்டினால் பாத்தேக் துணி மாதிரி கோடு கோடாக வரும். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் நான் செய்யும் பலகாரத்தைவிட அதற்குத்தான் காத்துக் கிடப்பார்கள். அந்தப் பொறாமையில்தான் எல்லாம் தொடங்கியது.

அவரை மிஞ்ச நான் தேர்ந்தெடுத்தது சாக்லெட் கஸ்டர்ட். கஸ்டர்ட் மாவு பிறந்த கதை எனக்குப் பிடிக்கும். 1837-இல் பர்மிங்ஹாமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்துக்கடைக்காரர், முட்டை ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காகச் சோளமாவை வைத்து முட்டையில்லாத கஸ்டர்ட் செய்தார். சாப்பிடும் ஒருத்திக்கு எது ஆகாது என்று யோசித்ததில் உண்டான பொருள் அது. அதை எடுத்துக்கொண்டு நான் செய்ததுதான் நேரெதிர்.

வேலை சுலபம். ஒரு லிட்டர் பாலில் ஒரு கோப்பையை ஆறிய பாலாகத் தனியே எடுத்து, அதில் ஆறு மேசைக்கரண்டி கஸ்டர்ட் மாவையும் மூன்று கரண்டி கோக்கோவையும் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ள வேண்டும். மீதிப் பாலைச் சர்க்கரையோடு கொதிக்கவிட்டு, கரைசலை ஊற்றிக் கைவிடாமல் கிளற வேண்டும். குமிழி வந்த பிறகும் இரண்டு நிமிடம் கிளறினால்தான் மாவு வேகும். இல்லாவிட்டால் நாக்கில் மாவு வாடை தட்டும், ஆறியதும் நீர்த்துப் போகும். இறக்கி, 150 கிராம் கறுப்புச் சாக்லெட்டை உடைத்துப் போட்டால் அந்தச் சூட்டிலேயே உருகிவிடும். கிண்ணத்தில் மாரி பிஸ்கட் ஓர் அடுக்கு, கஸ்டர்ட் ஓர் அடுக்கு. ஏடு படியாமலிருக்க மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டினாற்போல் மூட வேண்டும். ஜொகூர் வெக்கையில் வெளியே வைத்தால் சரியாக இறுகாது, நான்கு மணி நேரமாவது ஐஸ்பெட்டி வேண்டும்.

இவ்வளவுதான் என்றால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். சாக்லெட் உருகியதும் 150 மில்லிலிட்டர் ஐரிஷ் கிரீம் ஊற்றினேன். விஸ்கியும் பாலேடும் கலந்த இனிப்பு மது அது. போத்தலிலேயே 17 விழுக்காடு ஆல்கஹால் என்று போட்டிருந்தது. பேரங்காடியில் ஹலால் அல்லாத பொருளுக்கென்று தனியே ஒதுக்கிய மூலையில், தனிக் கல்லாவில் காசு கொடுத்து நானே வாங்கியது. கடைக்காரர் அவ்வளவு அக்கறையாகப் பிரித்து வைத்திருந்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரே சட்டியில் கலந்தேன். எங்கள் வீட்டாருக்கென்று தனியாகச் சில கிண்ணங்கள் செய்யலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். சுவை பார்த்ததும் மனம் மாறிவிட்டது. இதை எல்லோரும் சாப்பிட்டுப் பாராட்ட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

மக்சிக் வந்தார். வாயில் வைக்குமுன் கரண்டியைப் பிடித்தபடி கேட்டார்: “இனி அடா ஜெலட்டின் தக்?” இதில் ஜெலட்டின் இருக்கிறதா என்று.

ஜெலட்டின் பன்றியிலிருந்தும் எடுக்கப்படுவதால் இங்கே முஸ்லிம்கள் இனிப்பைப் பார்த்ததும் கேட்கும் கேள்வி அது. “தக் அடா, மக்சிக். தெலுர் புன் தக் அடா” என்றேன். ஜெலட்டின் இல்லை, முட்டைகூட இல்லை. கேட்டதற்கு உண்மை சொன்னேன், கேட்காததையும் ஒன்று சேர்த்துச் சொன்னேன், சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் விழுங்கினேன். பொய் பேசியிருந்தால் முகம் காட்டிக்கொடுத்திருக்கும். உண்மையைச் சொன்னதால் சிரித்த முகமாகவே நின்றேன். அவர் இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். பேரனுக்கும் கொஞ்சம் வேண்டும் என்றபோதாவது நான் வாய் திறந்திருக்கலாம். டப்பாவைத்தான் தேடினேன்.

அன்றிரவு எனக்கு நானே இரண்டு சாக்கு சொல்லிக்கொண்டேன். ஒன்று, சூட்டில் ஆல்கஹால் ஆவியாகியிருக்கும். இரண்டாவது, வனிலா எசன்ஸில் மட்டும் ஆல்கஹால் இல்லையா?

இரண்டும் நிற்காது. 1992-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சமையலில் ஆல்கஹால் எவ்வளவு மிஞ்சுகிறது என்று அளந்து வெளியிட்டார்கள். கொதித்து இறக்கிய திரவத்தில் கலந்தால் 85 விழுக்காடு அப்படியே இருக்கிறது. இரண்டரை மணி நேரம் கொதித்தாலும் 5 விழுக்காடு மிஞ்சுகிறது. என் கணக்கைப் போட்டால், 150 மில்லிலிட்டரில் ஆல்கஹால் மட்டும் 25 மில்லிலிட்டருக்கு மேல், மிஞ்சியது ஏறக்குறைய 22. பன்னிரண்டு கிண்ணத்துக்குப் பிரித்தால் கிண்ணத்துக்கு 1.8. அதாவது ஒன்பது கிண்ணம் சாப்பிட்டால் 320 மில்லிலிட்டர் பியர் டின் ஒன்று. யாருக்கும் போதை ஏறாது என்பது உண்மைதான். ஆனால் மக்சிக் என்னிடம் போதையைப் பற்றிக் கேட்கவில்லை.

எசன்ஸ் சாக்குக்கும் பதில் இருக்கிறது. 2011-இல் மலேசியாவின் தேசிய ஃபத்வா குழு, மது தயாரிப்பிலிருந்து வராத ஆல்கஹால் உணவின் சுவையூட்டியில் இருந்து, முடிவுப் பொருளில் 0.5 விழுக்காட்டைத் தாண்டாவிட்டால் அனுமதிக்கலாம் என்றது. மதுவையே வேண்டுமென்றே உணவில் கலந்தால் அளவுக்கே பேச்சில்லை, கூடாது. என் சட்டியில் இருந்தது ஏறக்குறைய ஒன்றரை விழுக்காடு, அதுவும் மதுவாகவே ஊற்றியது.

இதைவிடக் கேவலம் அடுத்து நடந்தது. மக்சிக் செய்முறையை எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். ஐரிஷ் கிரீம் இருந்த இடத்தில் ‘வனிலா எசன்ஸ், ஒரு தேக்கரண்டி’ என்று போட்டேன். முதல் தடவை வாயடைத்து நின்றேன் என்றாவது சொல்லலாம். இது பேனாவைப் பிடித்து, யோசித்து எழுதிய பொய். செய்து பார்த்துவிட்டு, “உன் கை மணம் எனக்கு வரவில்லை” என்றார் மனதார. அந்தப் பாராட்டையும் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த பெருநாளைக்கு அவர் வீட்டில் சாப்பிடப் போனோம். நாங்கள் மாட்டிறைச்சி தொடமாட்டோம் என்பதால் எங்களுக்கென்று கோழி ரெண்டாங் தனிச் சட்டியில் இருந்தது. அது வருடா வருடம் நடப்பதுதான். அன்று அவருடைய மருமகள் மாட்டு ரெண்டாங் கிளறிய கரண்டியைக் கோழிச் சட்டிக்குக் கொண்டுபோனாள். மக்சிக் அவள் கையைத் தட்டிவிட்டு வேறு கரண்டி எடுத்துக் கொடுத்தார். எங்களுக்குத் தெரியட்டும் என்று செய்யவில்லை, நான் அங்கே நிற்பதையே அவர் பார்க்கவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் போய்ச் சொன்னேன். மலாயில் எனக்குச் சரளம்தான், அன்று வார்த்தை தடுக்கியது. செய்முறைச் சீட்டில் எழுதிய பொய்யையும் பேரனுக்குக் கொடுத்ததையும் சேர்த்தே சொன்னேன். அவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, “தெரியாமல் சாப்பிட்டது எங்கள் மேல் குற்றமாகாது” என்றார். மிச்சம் யார் மேல் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

உறவு முறிந்துவிடவில்லை. தீபாவளிக்கு இன்னும் வருகிறார், பிள்ளைகளுக்குப் பண உறை கொடுத்த கை இப்போதும் கொடுக்கிறது. ஆனால் என் கை பட்ட எதையும் அவர் சாப்பிடுவதில்லை. ஆரஞ்சை உரித்துக்கொள்கிறார், பெட்டிப் பானம் குடிக்கிறார். எதில் என்ன இருக்கிறது என்று கேட்பதையும் விட்டுவிட்டார். அது நியாயம். எனக்கு மன்னிப்பு கிடைத்தது, நம்பிக்கை திரும்பவில்லை.

அந்த இனிப்பை இப்போதும் செய்கிறேன். ஐரிஷ் கிரீமுக்குப் பதில் கெட்டியான கறுப்புக் காப்பி அரைக் கோப்பை, துருவிய ஆரஞ்சுத் தோல், ஒரு சிட்டிகை உப்பு. சாக்லெட்டின் ருசியைத் தூக்கிவிட அதுவே போதும். மது இல்லாமல் வராத ருசி என்று நான் நினைத்தது என் சமையல் அறிவின் குறை.

வீட்டில் விருந்து வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மது, மாட்டிறைச்சி, பன்றி, முட்டை, கடலை என எது சேர்ந்திருந்தாலும் ஒரு சீட்டில் எழுதித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். விருந்தாளி கேட்கக் கூச்சப்படுவார், கேட்டாலும் எல்லாவற்றையும் கேட்கத் தெரியாது. சட்டிக்குள் என்ன போனது என்று சமைத்தவருக்குத்தான் தெரியும். சொல்ல வேண்டியதும் அவர்தான்.