யாரும் பாராத மூட்டு

கோவிலூர் என்றதும் தமிழறிந்தோர் நெஞ்சில் முதலில் எழுவது அங்குள்ள வேதாந்த மடம். காரைக்குடியை அடுத்து, கொற்றவாளீசுவரர் கோயில் கொண்ட அவ்வூரில், தமிழ் வழியே வேதாந்தம் பயில வந்தோருக்கு அம்மடம் பல தலைமுறைகளாகக் கல்விக்கூடமாய் விளங்கியது. நூலோதும் பெருமை வாய்ந்த அவ்வூரில், நூல் எதுவும் எழுதாமல், எந்த அவையிலும் பேசாமல் வாழ்ந்து மறைந்த ஒரு தொழிலாளியைப் பற்றி எழுத விரும்புகிறேன். அவர் இரும்பைப் பற்றவைப்பவர். ஊரார் வழக்கில் வெல்டிங்காரர். நம் திருச்சபையைச் சேர்ந்தவரல்லர். எனினும் நம் கல்லறைத் தோட்டத்தின் வாயிற்கதவு அவருடைய கைவேலை. தம் பெயரைப் பலர் முன் சொன்னாலே கூசும் இயல்பினர். ஆகவே இங்கும் அதைத் தவிர்க்கிறேன்.

மின்சாரத்தால் இரும்பை இணைப்பது எளிய பணியன்று. குச்சியின் நுனிக்கும் இரும்புக்கும் இடையே சில மில்லிமீட்டர் இடைவெளிதான். அதில் எழும் சுடரின் வெப்பமோ பல்லாயிரம் பாகை. ஏறத்தாழ 1,500 பாகை செல்சியசில் உருகும் எஃகு அதன்முன் மெழுகாகிறது. குச்சியைச் சற்றே தூக்கினால் சுடர் அணையும், தாழ்த்தினால் ஒட்டிக்கொள்ளும். கை விரைந்தால் மூட்டு வலுவிழக்கும். தாமதித்தால் தகடு ஓட்டையாகும். குச்சியின் மேலுள்ள பூச்சு தான் எரிந்து, உருகிய இரும்பைக் காற்றுத் தீண்டாமல் காத்து, பின்னர் கசடாகப் படிகிறது. அக்கசடைச் சுத்தியலால் தட்டி, கம்பித் தூரிகையால் தேய்த்த பின்பே மூட்டின் உண்மை முகம் தெரியும்.

கண்ணில் படும் பக்கத்தை மட்டும் தேய்த்து, வண்ணம் பூசி, கூலி பெற்றுச் செல்வோர் உண்டு. இவர் அப்படியல்லர். கல்லறைத் தோட்டக் கதவில், மதிலை நோக்கியிருக்கும் பக்கத்தையும் படுத்துக்கொண்டு தட்டிச் சுத்தம் செய்தார். "அந்தப் பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று அருகிலிருந்த ஒருவர் கேட்டார். அவர் என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "கசட்டுக்குள்ள ஈரம் புகுந்தா உள்ளுக்குள்ளேயே தின்னுரும் சாமி. பத்து வருசம் கழிச்சு இந்தக் கதவு ஒரு பிள்ளை மேல சாஞ்சா, அந்தப் பாவம் யாருக்கு?"

சிக்ரி என்று மக்கள் அழைக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம், 1953-இல் காரைக்குடியில் திறக்கப்பட்டது. இரும்பு எப்படி அரிக்கப்படுகிறது என்பதை அங்குள்ள அறிஞர்கள் ஆராய்ந்து வருகிறார்கள். அந்த அறிவில் ஒரு துளி இவரிடம் அனுபவமாக இருந்தது. அதைவிட மேலானது, அந்த அறிவை முன்பின் தெரியாத ஒரு குழந்தையோடு அவர் இணைத்துப் பார்த்ததாகும். திறமை வேறு, இரக்கம் வேறு என்று நாம் பிரித்துப் பேசுகிறோம். அவரிடம் அவை இரண்டும் ஒரே மூட்டாய் இருந்தன.

இட்டிலிக் கடை நடத்தும் கைம்பெண்ணின் தள்ளுவண்டி உடைந்தால் கூலி வாங்கமாட்டார். "இதுக்கு ரெண்டு குச்சிதான் ஆச்சு" என்று சொல்லி அனுப்பிவிடுவார். தம்மிடம் தொழில் பழக வந்த பையன்களை அவர் கைநீட்டி அடித்ததில்லை. ஒன்றில் மட்டும் கடுமை காட்டினார்: கறுப்புக் கண்ணாடியில்லாமல் சுடரைப் பார்த்தவனை அன்று வேலை செய்யவிடமாட்டார். சுடரின் புறஊதாக் கதிர் அந்த நொடியில் வலி தராது. சில மணி நேரம் சென்றபின், உறங்கும் வேளையில், கண்ணில் மணலை அள்ளிப் போட்டாற்போல் உறுத்தும். அவ்வேதனையைத் தம் இளமையில் பலமுறை பட்டவர், அதைப் பிள்ளைகள் படக்கூடாது என்று நினைத்தார்.

கண்ணுக்குக் கண்ணாடி இருந்தது; மூச்சுக்குத்தான் காவல் இல்லை. அடைத்த அறைகளில், மாடிப்படிகளின் அடியில், துத்தநாகம் பூசிய குழாய்களின் வெண்புகையில் அவர் பல்லாண்டுகள் உழைத்தார். இறுதிக் காலத்தில் அவருக்கு மூச்சே பெரும் வேலையாயிற்று. உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2017-இல் பற்றவைப்புப் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பதாக உறுதிசெய்யப்பட்டவற்றின் வரிசையில் சேர்த்தது.

கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுந்த சீராக்கின் ஞான நூல், 38-ஆம் அதிகாரத்தில் ஒரு கொல்லனைக் காட்டுகிறது. பட்டறைக்கல்லின் அருகே அமர்ந்து, நெருப்பின் அனலில் உடல் வாட, சம்மட்டியின் ஓசையில் காது அடைக்க, செய்பொருளிலேயே கண்ணூன்றி உழைப்பவன் அவன். இத்தகையோர் இல்லாமல் எந்த நகரும் நிலைக்காது. ஆயினும் மக்கள் மன்றத்தில் அவர்களை யாரும் தேடுவதில்லை என்கிறார் ஞானி. அவர்கள் செய்யும் தொழிலிலேயே அவர்களது மன்றாட்டு அடங்கியிருக்கிறது என்று முடிக்கிறார். குருமடத்தில் இப்பகுதியை நான் பாடமாகப் படித்தேன். அதன் பொருளை, மதிலோரம் படுத்துக் கசடு தட்டிய ஒரு மனிதரிடமே கண்டேன்.

அவர் மறைந்த நாளில் வீட்டு வாசலில் நின்றோருள் பலர் அவரிடம் தொழில் பழகியவர்கள். இன்று சொந்தப் பட்டறை வைத்திருப்பவர்கள். "எங்க கண்ணு அவர் குடுத்தது சாமி" என்றான் ஒருவன். அதைவிடச் சிறந்த இரங்கலுரை எதையும் நான் கேட்டதில்லை.

அன்பார்ந்தோரே, நம் இல்லங்களுக்குக் கதவும் கம்பியும் செய்ய வருவோரிடம் கூலியைக் குறைக்க நாம் நெடுநேரம் பேசுகிறோம். அந்த நேரத்தில் சன்னல்களைத் திறந்து வைக்கலாம். புகையைத் தடுக்கும் முகக்கவசம் ஒன்று வாங்கித் தரலாம். தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-இல் அமைக்கப்பட்டது. அதில் பதிந்திருக்கிறீர்களா என்று கேட்டு, இல்லையெனில் படிவத்தை நிரப்பித் தர நம் பங்கின் இளைஞர்களால் இயலும். பிறர் பிள்ளையின் பாதுகாப்பை நினைத்து யாரும் பாராத மூட்டையும் செம்மை செய்தவருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி அதுவே. அவர் உழைப்பை அறிந்த இறைவன் தம் ஒளியில் அவருக்கு இளைப்பாறுதல் தருவாராக.