ஓலை, மறுபடியும்

பங்குனி, சித்திரையில் பகலில் ஓலை பின்னக் கூடாது. மடிக்கிற இடத்தில் வெடித்துவிடும். விடியற்காலைதான் நேரம், இல்லையென்றால் மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம். பழவேற்காட்டில் ஏரிக்காற்றில் எப்போதும் கொஞ்சம் ஈரம் இருப்பதால் மதியத்திலும் பின்னுகிறார்கள். எங்கள் புதுவாயலில் நெடுஞ்சாலைத் தூசும் கும்மிடிப்பூண்டிப் பக்கத்து உருக்காலைப் புகையும் கலந்த காற்று. ஓலையை ஈரத்துணியில் சுற்றி ராத்திரி முழுக்க வைத்தால்தான் காலையில் சொன்னபடி கேட்கும்.

*

பின்னத் தெரியும். ஓலை பரணில் இருக்கிறது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் நேரமும் இருக்கிறது. ஆசை மட்டும் போய்விட்டது. பரணைப் பார்த்தாலே அலுப்பு வந்தது. இந்த அலுப்பு எங்கிருந்து வந்தது, எப்படிப் போனது என்பதைப் பற்றி அவ்வப்போது நோட்டில் எழுதியவை இவை. வரிசையாக இருக்காது.

*

தச்சூர் கூட்டுச்சாலையில் இறங்கி, பொன்னேரி போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்தால் பழவேற்காடு. 1613-இல் டச்சுக்காரர்கள் ஜெல்டிரியா கோட்டையைக் கட்டிய ஊர். வெளியூர்க்காரர்கள் டச்சுக் கல்லறைகளையும் வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகளையும் பார்ப்பார்கள், ஏரியில் படகில் ஒரு சுற்று போவார்கள், மீன் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். அங்கே முஸ்லிம் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பனையோலையில் செய்கிற பெட்டிகளைப் பார்க்காமலே வந்துவிடுகிறவர்கள் அதிகம். ரோஜாச் சிவப்பும் பச்சையும் ஊதாவும் கலந்த மூடிப் பெட்டிகள். வளையல் வைக்கச் சின்னது, துணி வைக்கப் பெரியது.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அந்தத் தெருக்களில் ஒரு வீட்டில் இருக்கிறார். உறவில்லை, ஆனாலும் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவேன். குருத்தோலையை வெயிலிலும் பனியிலும் போட்டு வெளுக்க வைப்பது, ஈர்க்கைக் கிழித்து எடுப்பது, கட்டைவிரலில் அணை கொடுத்து ஓலையை ஒரே அகலத்தில் வாருவது, கொதிக்கிற சாயத்தில் முக்கி நிழலில் உலர்த்துவது. இந்த வேலைகள் முடிந்த பிறகுதான் பின்னலே தொடங்கும். முதலில் அடித்தளம். குறுக்கும் நெடுக்குமாகப் பட்டைகளை வைத்துச் சதுரமாகப் பின்னி, நான்கு பக்கமும் மூலை திருப்பிச் சுவரை எழுப்ப வேண்டும். மூலை திருப்பத் தெரிந்துவிட்டால் பாதித் தொழில் கைக்கு வந்துவிட்டது என்பார் பெரியம்மா. மூடி, பெட்டியைவிட ஒரு நூல் பெரிதாக இருக்க வேண்டும். இறுக்கமாகப் போனால் திறக்கும்போது விளிம்பு கிழியும், தளர்ந்தால் தூக்கும்போது கழன்று வரும். அந்த ஒரு நூலுக்கு அளவுகோல் கிடையாது, விரல்தான்.

*

அலுப்பு எப்போது தொடங்கியது என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு கல்யாணத்துக்கு என் பெட்டியில் பரிசு வைத்துக் கொடுத்தேன். அதைப் பார்த்த ஒருவர் தம் வீட்டு வளைகாப்புக்குக் கேட்டார். அங்கே வந்திருந்தவர் தாம்பூலப் பைக்குப் பதிலாக ஓலைப்பெட்டி கொடுக்க விரும்பினார். பிளாஸ்டிக் வேண்டாம் என்று நினைக்கிறவர்கள் பெருகியிருக்கிற காலம், கேட்டது நியாயம்தான். பணமும் கொடுத்தார்கள். நானும் சந்தோஷமாகத்தான் ஒப்புக்கொண்டேன்.

எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம். முகூர்த்தத்துக்கு முந்தைய நாளுக்குள் முடிக்க வேண்டும். பகலெல்லாம் அலுவலகத்தில் கணக்கெழுதிவிட்டு வந்து ராத்திரியில் பெட்டி எண்ணினேன். கை தன்பாட்டுக்குப் பின்னியது, நான் அதில் இல்லை. கடைசிப் பெட்டியைக் கொடுத்த அன்று மிச்ச ஓலையைக் கட்டிப் பரணில் போட்டேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை, ஏமாற்றவும் இல்லை. அதனால்தான் காரணம் பிடிபட நாளானது.

*

1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில், யாரும் சொல்லாமலே ஸ்கெட்ச் பேனா எடுத்துப் படம் வரைகிற பிள்ளைகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாரும் 3 வயது முதல் 5 வயதுக்குள். ஒரு பிரிவுப் பிள்ளைகளிடம், வரைந்தால் ரிப்பன் வைத்த சான்றிதழ் கிடைக்கும் என்று முதலிலேயே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்கு ஒன்றும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்குப் பேச்சும் இல்லை, பரிசும் இல்லை. சில நாள் கழித்துப் பேனாக்களைச் சும்மா மேஜையில் வைத்துவிட்டு, யார் எவ்வளவு நேரம் வரைகிறார்கள் என்று பார்த்தார்கள். முன்கூட்டியே பரிசு பேசப்பட்ட பிள்ளைகள், மற்றவர்கள் வரைந்ததில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு வாங்கிய பிள்ளைகளின் ஆசை குறையவே இல்லை.

இதைப் படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. என் பெட்டியைப் பார்த்து மகிழ்ந்து யாராவது கையில் பணம் திணித்தால் என் ஆசைக்கு ஒன்றும் ஆகாது. முதலிலேயே பேசிக்கொண்ட பேரம்தான் அதைத் தின்கிறது.

*

ஆனால் இதைப் பெரியம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்கு ஓலை கூலி. ஆசை இருக்கிறதா என்று அவரை யாரும் கேட்டதில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. அரிசி வாங்க வேண்டும், பேத்திக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் கட்ட வேண்டும், அதனால் விடிந்ததும் ஈர்க்குக் கிழிக்க உட்காருகிறார். அப்படியும் அவர் பெட்டியின் மூலையைப் பார்த்தால், கூலிக்கு மேலே ஏதோ ஒன்று அதில் இருக்கிறது. யாரும் கேட்காத ஒரு ஊதாக் கோடு, மூடியின் உள்பக்கத்தில், வாங்குகிறவர் கவனிக்கவே மாட்டாத இடத்தில். அந்தக் கோட்டுக்குக் காசு கிடையாது.

ஓலைப்பெட்டியில் பேரம் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உடம்பு பதறுகிறது. மரத்திலிருந்து குருத்தை இறக்குவதில் தொடங்கி விளிம்பு கட்டுகிறவரை எத்தனை கை என்று கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

*

செட்டிநாட்டுக் கொட்டான் என்கிற ஓலைப்பெட்டி பற்றி. அங்கே நகரத்தார் வீட்டு ஆச்சிமார் ஓய்வு நேரத்தில் தங்கள் கையாலேயே கொட்டான் முடைந்தார்கள். கல்யாணத்துக்கும் சடங்குக்கும் பண்டம் வைத்துக் கொடுப்பதற்காக. விளிம்பில் மணி கோத்ததும் குரோஷா பின்னல் வைத்துத் தைத்ததும் உண்டு. விற்பனைக்கு இல்லை, வீட்டுக்கு. பிறகு எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் வந்தன, குடும்பங்கள் ஊரைவிட்டுப் போயின, கொட்டான் கிட்டத்தட்ட நின்றே போனது. விசாலாட்சி ராமசாமியும் எம்.ஆர்.எம்.ஆர்.எம். கல்ச்சுரல் ஃபவுண்டேஷனும் முனைந்து அதை மீட்டார்கள். பழைய வடிவங்களைத் தேடிச் சேர்த்து, கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, இன்று அது புவிசார் குறியீடு பெற்ற பொருள்.

இதில் நான் திரும்பத் திரும்ப யோசிப்பது ஒன்று உண்டு. பொழுதுபோக்காக இருந்தபோது அழிந்தது, கூலியாக ஆனபோது பிழைத்தது. என் கதை அப்படியே தலைகீழ். அப்படியானால் பணம்தான் வில்லன் என்று நான் சொல்லிவிட முடியாது. அந்தப் பெண்கள் ஓர் அறையில் கூடி உட்கார்ந்து பின்னுகிறார்கள், பழவேற்காட்டிலும் திண்ணையில் மூன்று நான்கு பேர் சேர்ந்துதான் உட்காருகிறார்கள். ஒருத்தி சாயத்தைப் பார்ப்பாள், ஒருத்தி ஊர்க்கதை சொல்வாள். நான் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு, டியூப் லைட் வெளிச்சத்தில் எண்ணிக்கொண்டிருந்தேன்.

*

பனை குறைந்துவிட்டது. கவரைப்பேட்டைக்கும் பெருவாயலுக்கும் நடுவே வயல் வரப்பில் வரிசையாக நின்ற மரங்கள் இருந்த இடத்தில் இன்று கிடங்கும் மனைப்பிரிவும். செங்கல் சூளைக்கு விறகாகப் போனவையும் உண்டு. 2021-இல் தமிழக அரசு தனியாகப் போட்ட வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் பனை விதைகள் கொடுப்பதாகவும், மாவட்ட ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்றும் அறிவித்தார்கள். நல்ல அறிவிப்பு. ஆனால் பனை நிதானமான மரம், இன்று ஊன்றிய கொட்டை ஆளுயரத்துக்கு மேல் நிமிரவே வருஷக்கணக்காகும். ஏறுகிற ஆளும் வேண்டும். குருத்து வெட்டுகிறவருக்கு எதை விட வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும், எல்லாவற்றையும் வெட்டினால் மரம் இளைத்துவிடும்.

*

எங்கள் வீட்டுக்குப் பின்னால் லைன் வீடுகள். தொழிற்சாலை வேலைக்கு வந்த ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் குடும்பங்கள். பரணை ஒழிக்கிற அன்று ஈர்க்குக் கட்டு ஒன்றைக் குப்பையோடு வைத்திருந்தேன். விளக்குமாறு கட்டலாம் என்று எப்போதோ சேர்த்தது. பின்வீட்டுப் பெண் அதைக் கையில் எடுத்து வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, இது குப்பை போடறியா? நான் எடுக்கட்டா?”

“எடுத்துக்கோம்மா. என்ன பண்ணப் போறே?”

சொல்லத் தமிழ் போதவில்லை. வீட்டுக்குள் ஓடிப்போய் ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து காட்டினாள். பொன் நிறத்தில், வட்டமாக, மூடியோடு. அவள் ஊர் மதுபனிப் பக்கம். அங்கே சிக்கி என்று ஒரு புல், மழைக்காலம் முடிந்ததும் ஈர நிலத்திலிருந்து அறுத்துக் காயவைப்பார்கள், காய்ந்தால் தங்க நிறம். முஞ்சு என்ற முரட்டுப் புல்லைக் கயிறாகச் சுருட்டி, அதன்மேல் சிக்கியைச் சுற்றிச் சுற்றித் தைத்துக்கொண்டே போவார்கள். தைப்பதற்கு டக்குவா என்ற இரும்பு ஊசி. கல்யாணப் பெண்ணுக்குத் தாய் வீட்டில் செய்து கொடுக்கிற பெட்டி அது. அவளுக்கு அவள் அம்மா செய்து கொடுத்தது.

இங்கே அந்தப் புல்லும் இல்லை, டக்குவாவும் இல்லை. என் ஈர்க்கை முஞ்சாக வைத்துக்கொண்டாள். பரணிலிருந்த என் ஓலையை மெல்லிசாக வாரி, கோணி ஊசியால் சுற்றித் தைக்க ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

*

ஓலைப்பெட்டியில் அடித்தளத்திலேயே எல்லாம் முடிவாகிவிடுகிறது. எத்தனை பட்டை வைத்தோமோ அந்த அளவுதான் பெட்டி. முதல் நிமிஷத்திலேயே கடைசி தெரியும். சுருள் வேலை அப்படியில்லை. நடுப்புள்ளியில் தொடங்கி வெளியே சுற்றிக்கொண்டே போகிறது. அடுத்த சுற்றைச் சற்று மேலே ஏற்றினால் சுவர், வெளியே தள்ளினால் தட்டு, உள்ளே இழுத்தால் குடுவை. எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். எண்ணவே வேண்டாம்.

அந்த நடுப்புள்ளிதான் கஷ்டம். ஈர்க்கை அவ்வளவு சின்ன வட்டமாக வளைத்தால் ஒடிகிறது. ஊறவைத்து நசுக்கி வளைக்க வேண்டும் என்று அவள் பல்லால் கடித்துக் காட்டினாள். இத்தனை வருஷம் ஓலை பிடித்த என் விரல்களுக்கு அது வரவில்லை. ஊசி குத்தியது, சுற்று கோணியது. ராத்திரி சமைக்கிறபோதும் அந்த வளைவே மனசில் ஓடியது. நாளைக்கு ஈர்க்கின் மெல்லிசு முனையிலிருந்து தொடங்கிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. மறுநாள் காலை அலுவலகம் கிளம்புவதற்கு முன்பே எழுந்து ஈர்க்கை ஊறப்போட்டேன். போன ஆசை இந்தத் தெரியாத வேலை வழியாகத்தான் உள்ளே வந்தது. தெரிந்த வேலையை இன்னும் கவனமாகச் செய்திருந்தால் வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

*

யாழ்ப்பாணத்துக்காரர்கள் பிட்டு அவிக்க ஓலையில் பின்னிய நீத்துப்பெட்டி வைத்திருப்பார்கள். கூம்பு வடிவம், பானை வாயில் உட்கார வேண்டும். அதே ஓலை வேலைதான், ஆனால் அடுப்பில் ஏறுகிற பொருள். அலமாரியில் வைப்பதற்கு அல்ல. அதை நான் பின்னிப் பார்க்கவில்லை, பின்ன வேண்டும்.

*

இப்போது சாயங்காலங்களில் இரண்டு பேரும் பின்வாசலில் உட்காருகிறோம். அவள் கணவன் ராத்திரி ஷிப்ட் போனால் கூடுதல் நேரம். அவளுக்கு மூலை திருப்பக் கற்றுக்கொடுக்கிறேன். நான்காவது மூலையில் பட்டை எப்போதும் குழம்பிவிடுகிறது அவளுக்கு, சிரித்துக்கொண்டே அவிழ்க்கிறாள். நான் சதுர அடித்தளத்தின் மேல் சுருள் சுவர் வைத்துப் பார்க்கிறேன். சேருமிடம் இன்னும் சரியாகவில்லை, சதுரத்தின் மூலையில் இடைவெளி விழுகிறது. இந்த இடைவெளியைப் பற்றி யோசிக்க எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆர்டர் ஒன்று வந்தது, வைகாசிக் கல்யாணத்துக்கு. பழவேற்காட்டுக்கு அனுப்பிவிட்டேன், அங்கே கேட்கிற விலையைக் குறைக்காமல் கொடுப்பதானால் மட்டும் என்று சொல்லி. ஒப்புக்கொண்டார்கள்.

*

ஞாயிற்றுக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போவதாக இருக்கிறோம். கேட்க வேண்டியவை: பச்சைச் சாயம் வெளுக்காமல் இருக்க என்ன செய்கிறார், மூடி உள்பக்க ஊதாக் கோட்டை எந்தச் சுற்றில் நுழைக்கிறார், கிழித்த ஈர்க்கை அங்கே என்ன செய்கிறார்கள். எரிப்பதாக இருந்தால் மூட்டையாகக் கட்டி வாங்கி வரலாம். பொன்னேரி பஸ்ஸில் கண்டக்டர் ஏற்றிக்கொள்வாரா என்று பார்க்க வேண்டும்.