எர்த் என்னும் ஒரு சொல்

வீட்டு மின்சாரத்தில் ‘எர்த்’ என்றால் காவல். வாகன மின்சாரத்தில் ‘எர்த்’ என்றால் பாதை. ஒரே சொல் இரண்டு தொழில்களில் ஏறத்தாழ எதிரெதிரான இரண்டு பொருள்களைச் சுமந்துகொண்டிருக்கிறது. பல்பொருள் ஒருமொழி குறித்து வகுப்பறையில் நான் தந்த எடுத்துக்காட்டுகள் எவையும் ஒருவரின் கையைச் சுடக்கூடியவை அல்ல. இது சுடும். அதனால்தான் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

மாட்டுப்பட்டியில் இருக்கும் என் சித்தப்பா மகன் வீட்டு வயரிங் வேலை கற்றவன். சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் பழைய ஜீப்பில் பனிவிளக்கு பொருத்த வேண்டும் என்றான். மூணாறு ஒர்க்‌ஷாப்புக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போய் ஒரு நாள் வாடகையை இழப்பதைவிட வீட்டு வாசலிலேயே முடித்துக்கொள்ளலாம் என்பது அவன் எண்ணம். முதலில் எர்த் கம்பியைத்தான் கழற்ற வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதில்தான் அவனுக்கு ஐயம். “எர்த்தக் கழட்டுனா பாடியில கரண்ட் ஏறிராதா அக்கா? வீட்டுல எர்த்தத் தொடவே கூடாதுன்னுதான படிச்சிருக்கேன்?”

அறியாமையிலிருந்து வந்த கேள்வியன்று இது; சரியாகக் கற்றதிலிருந்து வந்தது. வீட்டில் பச்சைக் கம்பி வழியே சாதாரண நேரத்தில் மின்னோட்டம் எதுவும் செல்லாது. கிரைண்டரின் உள்ளே வயர் நைந்து அதன் உலோக உடலில் மின்சாரம் ஏறும்போது, அதை மண்ணுக்குக் கடத்தி நம்மைக் காப்பது அந்தக் கம்பி. அதைக் கழற்றுவது காவலை நீக்குவதாகும். வாகனத்திலோ நிலைமை வேறு. ரப்பர்ச் சக்கரங்களின்மேல் நிற்கும் ஜீப்புக்கும் மண்ணுக்கும் மின்தொடர்பு கிடையாது. விளக்கு, ஹாரன், ஸ்டார்ட்டர் ஒவ்வொன்றுக்கும் இரண்டிரண்டு கம்பி இழுக்காமல், திரும்பும் வழியாக இரும்பு உடலையே பயன்படுத்துகிறார்கள். பேட்டரியின் எதிர்முனையை அந்த உடலோடு இணைக்கும் தடித்த கம்பிக்குத்தான் ‘எர்த்’ என்று பெயர். வண்டியின் மின்னோட்டம் முழுவதும் அதன் வழியாகவே பேட்டரிக்குத் திரும்புகிறது. ஆகவே அதைக் கழற்றுவது வீட்டில் மெயினை அணைப்பதற்கு நிகர். நம் பாடநூல்களின் ‘புவித்தொடுப்பு’ வீட்டுக்கு அழகாகப் பொருந்துகிறது. வண்டியில் தொடுக்கப் புவியே இல்லை. ஓட்டுநர்கள் சிலர் சொல்லும் ‘பாடி கம்பி’ இந்த இடத்தில் அறிவியலுக்கு நெருக்கமானது என்பேன்.

அதை ஏன் முதலில் கழற்ற வேண்டும்? நேர்முனையை முதலில் தளர்த்துவதாக வைத்துக்கொள்வோம். ஸ்பேனரின் ஒரு நுனி நட்டைப் பிடித்திருக்கிறது. மறுநுனி பானெட்டின் விளிம்பிலோ பேட்டரியைப் பிடித்து நிறுத்தும் இரும்புச் சட்டத்திலோ பட்டுவிடுகிறது. வண்டியின் உடல் முழுவதும் எதிர்முனையோடு இணைந்திருப்பதால், பேட்டரியின் இரு முனைகளும் அந்த ஸ்பேனர் வழியாக நேரடியாகச் சேர்ந்துவிடும். வீட்டுச் சுவிட்ச்போர்டில் நாம் பயன்படுத்துவது ஐந்து அல்லது பதினைந்து ஆம்பியர். இங்கே நொடிப்பொழுதில் பல நூறு ஆம்பியர் பாயும். ஸ்பேனர் பழுக்கும், ஈயமுனை உருகித் தெறிக்கும். எதிர்முனையை முதலில் தளர்த்தும்போது ஸ்பேனர் உடலில் பட்டாலும் ஒன்றும் நேராது. இரண்டும் ஏற்கெனவே ஒரே மின்னழுத்தத்தில்தான் இருக்கின்றன. அந்தக் கம்பி விலகிய பிறகு நேர்முனையில் ஸ்பேனர் தவறினாலும் மின்சாரம் திரும்ப வழியில்லை. மீண்டும் பூட்டும்போது வரிசை தலைகீழ்: நேர்முனை முதலில், எதிர்முனை கடைசியில். எந்த வரிசையானாலும் ஸ்பேனர் இரண்டு முனைகளையும் ஒருசேரத் தொடக் கூடாது. மற்ற முனையின்மேல் ஒரு பழைய டியூப் துண்டைப் போர்த்திவிடுவது நல்லது.

பன்னிரண்டு வோல்ட் ஷாக் அடிக்காது என்பது உண்மை. உலர்ந்த தோலின் மின்தடையை அது பெரும்பாலும் வெல்வதில்லை. ஆனால் நம் பேச்சில் ‘ஷாக் அடிக்காது’ என்றாலே ‘ஆபத்தில்லை’ என்று பொருளாகிவிடுகிறது. 1940இல் இயங்கத் தொடங்கிய பள்ளிவாசல் மின்நிலையத்துக்கு நீர் தேக்கிவைக்கும் அணை எங்கள் ஊரில்தான் இருக்கிறது. உயரழுத்தக் கம்பியைக் கண்டால் எங்கள் குழந்தைகள்கூட ஒதுங்கிப் போவார்கள். பேட்டரியைக் கண்டு யாரும் அஞ்சுவதில்லை. ஜீப் ஓட்டிய என் அப்பாவின் இடது மணிக்கட்டில் கைக்கடிகாரச் சங்கிலியின் கண்ணிகள் ஒவ்வொன்றும் எண்ணக்கூடிய அளவில் தழும்பாகப் பதிந்திருந்தன. ஷாக் அடிக்கவில்லை என்றுதான் அவரும் சொன்னார். மோதிரம், கடிகாரம், வளையல் ஆகியவற்றைக் கழற்றி வைப்பதே முதல் வேலை என்று நான் தம்பியிடம் வற்புறுத்தியதற்கு அந்தத் தழும்பே காரணம்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. தோட்டப் பகுதிகளில் அது முக்கியம். 1960களின் நடுப்பகுதி வரை பிரிட்டனில் செய்யப்பட்ட மாரிஸ், லேண்ட் ரோவர் போன்ற பல வண்டிகளில் உடலோடு இணைந்திருந்தது நேர்முனை. அத்தகைய வண்டி இன்றும் எங்காவது ஒரு ஷெட்டில் நிற்கலாம். ‘நெகட்டிவை முதலில் கழற்று’ என்ற விதி அங்கே தவறாகிவிடும். ‘எர்த்தை முதலில் கழற்று’ என்பது அங்கும் சரி. எனவே குழப்பம் தந்தாலும் எர்த் என்ற சொல்லைக் கைவிட எனக்கு மனமில்லை.

கம்பியின் நிறத்தை நம்ப வேண்டாம் என்றும் சொன்னேன். பலர் கைபட்ட பழைய வண்டியில் கறுப்பும் சிவப்பும் இடம் மாறியிருக்கலாம். பேட்டரியின்மேல் உள்ள கூட்டல், கழித்தல் குறிகளைப் பார்க்க வேண்டும். பொதுவாக நேர்முனை சற்றே தடித்திருக்கும். வண்டியை அணைத்துச் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். புதிய கார்களில் மின்பூட்டு தானாகப் பூட்டிக்கொண்டால் சாவி உள்ளே மாட்டிக்கொள்ளும். காற்றுப்பை உள்ள கார் என்றால் கம்பியைக் கழற்றிய பின் சில நிமிடம் காத்திருக்க வேண்டும்; எவ்வளவு நேரம் என்பதை வண்டியோடு வந்த கையேடு சொல்லும். கிளாம்ப் இறுகியிருந்தால் நெம்பக் கூடாது. நட்டை நன்றாகத் தளர்த்தி, மெல்லத் திருகித் தூக்க வேண்டும். கழற்றிய கம்பி விறைப்பாக இருந்தால் வில்போல் திரும்பி வந்து முனையைத் தொட்டுவிடும். அதைத் துணியால் சுற்றி ஒதுக்கிக் கட்டுவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். விளக்கு பொருத்த எர்த்தை மட்டும் விலக்கினால் போதும். பேட்டரியையே வெளியே எடுப்பதானால்தான் மற்ற முனையைத் தொட வேண்டும்.

சனவரியில் எங்கள் ஊரில் புல்லின்மேல் உறைபனி படியும். ஷெட் கதவை மூடிவிட்டு, ஓரமாக விறகு மூட்டிக் குளிர்காய்ந்தபடி வண்டியை நோண்டுவது வழக்கம். சார்ஜ் ஏறும்போது ஈய-அமிலப் பேட்டரி ஐதரசனை வெளியிடுகிறது; அது பொறி பட்டால் வெடிக்கும், கூடவே கந்தக அமிலத்தையும் தெறிக்கவைக்கும். எனவே கதவு திறந்திருக்கட்டும். நெருப்பும் பீடியும் வாசலுக்கு அப்பால் இருக்கட்டும்.

ஒரு கிளைக்கதை. அவனுடைய நண்பர்களில் மலையாளம் பேசுபவர்களும் உண்டு. மலையாளத்தில் கட்டையோ நட்டையோ ‘அழிக்கு’ என்றால் அவிழ், தளர்த்து என்று பொருள். தமிழ்க் காதில் அது வேறாக ஒலிக்கும். வயரை ‘அழிக்க’ச் சொல்லும் நண்பனை அவன் முதலில் திகைத்துப் பார்த்தானாம்.

விளக்கு பொருத்தியாயிற்று, பேட்டரியின் அருகிலேயே ஃபியூஸும் வைத்திருக்கிறான். கடைசியாக எர்த்தை மாட்டும்போது சிறிய பொறி வந்ததாகச் சொன்னான். வண்டியில் எங்கோ சிறிதளவு மின்சாரம் எடுக்கும் கருவி இருந்தால் அப்படி வருவதுண்டு. பெரிதாக வந்தால் ஏதேனும் சுவிட்ச் போட்டபடி இருக்கிறதா, வயர் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும்.

உங்கள் பகுதி ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் அந்தக் கம்பியை எப்படி அழைக்கிறார்கள்? சித்தூர், பாலக்காடு நண்பர்களும் இலங்கை நண்பர்களும் கீழே எழுதினால் மகிழ்வேன். வீட்டு எர்த்துக்கும் வண்டி எர்த்துக்கும் வெவ்வேறு சொல் வழங்கும் ஊர் ஒன்றாவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.