அம்மா நின்ற சுரம்

அச்சுமுறுக்கு சுடும்போதுதான் அம்மா தன் பாட்டைப் படிப்பாள். டிசம்பர் முதல் வாரம். பாளையங்கோட்டையில் மழை விட்டும் விடாமலும் இருக்கும். பச்சரிசி மாவில் தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் எள்ளும் சேர்த்துக் கரைத்த மாவு ஒரு பக்கம், எண்ணெய்ச் சட்டி நடுவில், எண்ணெய் தெறிக்காத தூரத்தில் சுவரில் சாய்த்து வைத்த ஸ்டென்சில் தாள் இன்னொரு பக்கம். அச்சை எண்ணெயில் காயவைத்து, மாவில் முக்கால் பங்கு மட்டும் தோய்த்து, மறுபடி எண்ணெயில் இறக்கி ஓர் உதறு உதறினால் பூ கழன்று மிதக்கும். ஓர் உதறலுக்கும் அடுத்த உதறலுக்கும் நடுவே அம்மா பாடுவாள்: "ஸோ ஸோ ஸோ ஸோ, ஸோ ஸோ லா ஸோ."

அது 1981. எனக்கு ஒன்பது வயது. அம்மா கோயில் கொயரில் ஆல்டோ. பாமாலைப் பாட்டுகளை எங்கள் கோயிலில் நான்கு குரலாகப் பிரித்துப் பாடுவார்கள். மேலே சொப்ரானோ, அதற்குக் கீழே ஆல்டோ, பிறகு ஆண்களின் டெனர், அடியில் பேஸ். ராகம் முழுக்கச் சொப்ரானோவுக்குப் போய்விடும். ஊரே முணுமுணுப்பது அதைத்தான். ஆல்டோவுக்குக் கிடைப்பது ஒரே இடத்தில் நிற்கிற வேலை. ஸோவில் நிற்கும், ஒரு படி ஏறும், திரும்ப வந்து ஸோவிலேயே நிற்கும்.

"இது என்ன பாட்டும்மா? ஒண்ணுமே நடக்கலையே" என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை வந்து கேளு" என்றாள் அம்மா. அவ்வளவுதான் பதில்.

அந்த ஞாயிறு மாலை ஒத்திகைக்கு என்னையும் கூட்டிப்போனாள். கால் ஆர்மோனியத்தின் பக்கத்துப் பெஞ்சில், அம்மாவின் முழங்கை என் தலையில் இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். நான்கு குரலும் சேர்ந்து ஒலித்ததும் பாட்டைவிட்டு அம்மாவின் குரலை மட்டும் தேடினேன். கிடைத்தது. அதே ஸோதான், அடுப்படியில் கேட்ட அதே உயரம். ஆனால் முதல் ஸோவில் நிம்மதி இருந்தது, இரண்டாவது ஸோவில் ஏதோ ஞாபகம் வந்ததுபோல் ஒரு மங்கல், மூன்றாவதில் யாரோ வந்து நிற்கிற நிமிர்வு. அம்மா நகரவே இல்லை. அவள் முகத்தையும் பார்த்தேன், அதிலும் மாற்றமில்லை. பிறகு எங்கிருந்து வருகிறது இது? வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அதைத்தான் யோசித்தேன். அன்று தொடங்கிய யோசனை இன்னும் என்னை விடவில்லை.

பதில் வைத்திருந்தவர் சித்தப்பா. மெல்லிசைக் குழு ஒன்றில் கிடார் வாசித்துக்கொண்டிருந்தார். கோயில் கொடைகளுக்கும் கல்யாண வீடுகளுக்கும் போய், விடியற்காலை முதல் பஸ்ஸில் திரும்பி வந்து, மத்தியானம் வரை தூங்குவார். நான் கேட்டதும் சிரிக்கவில்லை. பரணிலிருந்த கை ஆர்மோனியத்தை இறக்கித் தூசி தட்டி என் முன்னால் வைத்தார். வெள்ளைக் கட்டையில் ஒன்றைக் காட்டினார்.

"ஏட்டி, இதுதான் உங்க அம்மை பாடுற ஸோ. அமுக்கிப் புடிச்சுக்கோ. துருத்தியை நிறுத்தாத. என்ன நடந்தாலும் விரலை எடுக்கக் கூடாது."

பிடித்துக்கொண்டேன். அவர் கிடாரை மடியில் வைத்து முதலில் சி மேஜர் மீட்டினார். டோ, மி, ஸோ மூன்றும் சேர்ந்த கார்டு. என் ஸோ அதற்குள் தண்ணீரில் தண்ணீர் சேர்ந்தமாதிரி கலந்துபோனது. அடுத்து ஈ மைனர். என் விரலுக்கடியில் இருந்த சுரம் விளக்கு வைக்கிற நேரத்து வாசல்போல் இருட்டிக்கொண்டு வந்தது. அடுத்து ஜி மேஜர். இப்போது என் சுரமே அஸ்திவாரம், மற்றவை அதன்மேல் ஏறி நின்றன. பிறகு எஃப் மேஜர். அந்தக் கார்டின் அடிச்சுரத்துக்கும் என்னுடையதற்கும் இடையில் ஒரு சுரத் தூரம்தான். இரண்டும் லேசாக உரசின. போகலாமா நிற்கலாமா என்று தயங்குகிற ஓர் ஏக்கம் அந்த உரசலில் இருந்தது. கடைசியாக நான் எதிர்பார்க்காத ஒன்று, ஈ ஃப்ளாட் மேஜர். பூட்டியே கிடந்த ஜன்னல் ஒன்று திறந்தமாதிரி இருந்தது. என்னை அறியாமல் துருத்தியை நிறுத்திவிட்டேன்.

"நீ நகந்தியா?"

"இல்ல சித்தப்பா."

"நீ நிக்கிற தரையை நான் மாத்துனேன். அவ்வளவுதான்."

சந்தோஷத்துக்கு மேஜர், சோகத்துக்கு மைனர் என்று பலரும் சொல்கிறார்கள். கிடார் வகுப்பின் முதல் நாளிலேயே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். சித்தப்பா எனக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்காததற்கு நான் நன்றியோடு இருக்கிறேன். இரண்டுக்கும் வித்தியாசம் நடுச்சுரத்தின் அரைப்படி மட்டுமே. நம் கணக்கில் சொன்னால் அந்தர காந்தாரம் இருந்தால் மேஜர், சாதாரண காந்தாரம் இருந்தால் மைனர். மேஜர் கார்டின் அதிர்வுகள் 4:5:6 என்கிற எளிய விகிதத்தில் ஒன்றோடொன்று பொருந்துகின்றன, மைனரில் அது 10:12:15 ஆகிவிடுகிறது என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். ஒன்று படிந்து உட்கார்வதும் மற்றொன்றில் சிறு கலக்கம் இருப்பதும் காதின் கற்பனை அல்ல. ஆனால் அந்தக் கலக்கத்துக்குச் சோகம் என்று ஒரே பெயர் வைப்பதுதான் தவறு. பிள்ளைகளைத் தூங்கவைக்கிற நீலாம்பரி, மேஜருக்கு நேரான சங்கராபரணத்தில் பிறந்தது. அதைக் கேட்டு யாரும் துள்ளுவதில்லை.

சித்தப்பாவுக்கு அப்போது பைத்தியமாக இருந்த பாட்டு, 1980இல் வந்த 'மூடுபனி' படத்தின் 'என் இனிய பொன் நிலாவே'. மைனரில் அமைந்த காதல் பாட்டு. கேசட் வாங்க வசதியில்லை. இலங்கை வானொலியில் எப்போது போடுவார்களோ அப்போதுதான் கேட்கலாம். ரேடியோவைத் திருப்பி ஓட்ட முடியாது. ஒருமுறை கேட்டால் இரண்டு கார்டு பிடிபடும், மிச்சத்துக்கு அடுத்த ஒலிபரப்புவரை காத்திருக்கவேண்டும். பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில் கொஞ்சம், காலண்டர் தாளில் கொஞ்சம் என்று அந்தப் பாட்டு எங்கள் வீடு முழுக்க எழுத்தாகச் சிதறிக் கிடந்தது. இளையராஜா சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தவர் என்பதைச் சித்தப்பா ஏதோ சொந்தக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்வார்.

இன்னொரு பாடமும் அந்த மார்கழியில்தான். ஜி செவன் என்கிற கார்டை மீட்டிவிட்டு, கிடாரைச் சுவரில் சாய்த்துவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டார். எனக்கு உட்காரமுடியவில்லை. அந்தக் கார்டில் இருக்கிற ஏழாம் சுரமான டி, அதாவது காகலி நிஷாதம், அரைப்படி ஏறி ஷட்ஜத்தைத் தொடத் துடிக்கிறது. மத்திமம் அரைப்படி இறங்கிக் காந்தாரத்தில் அமரப் பார்க்கிறது. இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் இழுக்க, நடுவில் நான். இந்தப் பெயரெல்லாம் அப்போது தெரியாது. ஓடிப்போய் ஆர்மோனியத்தில் டோவையும் மியையும் அமுக்கினேன். அடுப்படியிலிருந்து சித்தப்பாவின் குரல் வந்தது: "அதான் வீடு!"

எங்கள் கோயிலில் கர்நாடக சங்கீதம், மேற்கத்திய சங்கீதம் இரண்டும் ஒரே ஆராதனையில் நடக்கும் என்பதை இங்கே சொல்லவேண்டும். 1774இல் பாளையங்கோட்டையில் பிறந்த வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனை வந்தால் கொயரும் சபையும் ஒரே குரலாகிவிடும். அங்கே சுருதி அசையாது, ராகம்தான் நடக்கும். ஏறி, இறங்கி, வளைந்து, குழைந்து, உணர்ச்சியைத் தானே சுமந்துபோகும். பாமாலை வந்தால் நேர்மாறு. ஒரு குரல் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்கும், கீழே தரை நடக்கும். ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. இரண்டு காதோடும் வளர்ந்தேன்.

அந்த வருஷம் கேரல் பவனிக்கு ஒரு புதுப் பாட்டு வேண்டும் என்று கொயர் மாஸ்டர் கேட்டார். வார்த்தை அம்மாவுடையது, மெட்டு சித்தப்பாவுடையது. பெத்லகேமில் நிறைமாதக் கர்ப்பிணியும் புருஷனும் சத்திரத்துக் கதவைத் தட்டுகிற கதை. மூன்று சரணம். ஒவ்வொன்றும் 'இடமில்லை' என்ற சொல்லில் முடியும். அந்தச் சொல் முழுக்கவும் சித்தப்பா ஒரே சுரம் வைத்திருந்தார், மேல் டோ.

முதலில் அந்த இடத்தில் சி, எஃப், மறுபடி சி என்று வாசித்தார். எல்லாம் மேஜர். பாட்டு, பஸ் கிளம்பும் நேரத்தை அறிவிப்பதுபோல் முடிந்தது. அடுத்த நாள் அங்கே ஏ மைனர் வைத்துக்கொண்டு வந்தார். பாடிக்காட்டும்போதே அவருக்குக் கண் கலங்கியது. அம்மா வெங்காயம் அரிவதை நிறுத்தவில்லை.

"நல்லா இல்லையா மதினி?"

"இது அழுற பாட்டு இல்ல தம்பி. கதவைத் திறந்தவனும் கெட்டவன் இல்லையே. அவங்கிட்ட நெசமாவே எடமில்ல. சொல்லும்போது அவனுக்கும் கஷ்டமாத்தான் இருந்திருக்கும்."

சித்தப்பா ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். கிடாரில் எஃப் மேஜரைப் பிடித்தார். பிறகு, விரல் வடிவத்தைக் கலைக்காமல், நடுவிரலை மட்டும் மெல்லத் தூக்கினார். எஃப் மைனர். அங்கிருந்து சி. மறுபடி வாசித்து மேலே அந்தச் சொல்லைப் பாடினார்.

அம்மாவின் கத்தி நின்றது.

மேலே ராகம் அசையவே இல்லை. டோ அப்படியே நிற்கிறது. பேஸும் பெரிதாக எதுவும் செய்யவில்லை. நடுவே ஒரே ஒரு சுரம், லா, அரைப்படி கீழே இறங்கி, அங்கிருந்து இன்னோர் அரைப்படி இறங்கி ஸோவில் சேர்கிறது. சதுஸ்ருதி தைவதம், சுத்த தைவதம், பஞ்சமம். கதவைச் சாத்துகிறவனின் கை, சாத்துவதற்கு முன்னால் ஒரு கணம் தயங்கினால் எப்படியோ அப்படி. அது சோகமில்லை. இரக்கம் என்று இன்று சொல்வேன். அன்று எனக்கு வயிற்றில் ஏதோ இளகியது மட்டும் தெரிந்தது.

"இதை வச்சுக்கோ" என்றாள் அம்மா.

எந்தக் குரலுக்கு அந்த அரைப்படி? ஆல்டோவுக்கு. அம்மாவுக்கு அது லேசில் வரவில்லை. இத்தனை வருஷம் லாவிலிருந்து நேராக ஸோவுக்கு இறங்கிப் பழகிய தொண்டை. நடுவில் நிற்கச் சொன்னால் வழுக்கியது. துணி துவைக்கும்போதும் தண்ணீர் எடுக்கும்போதும் அந்த மூன்று சுரத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பாடினாள். நான் ஆர்மோனியத்தில் கறுப்புக் கட்டையை அமுக்கி எடுத்துக்கொடுத்தேன். மூன்றாம் நாள் வந்துவிட்டது. வந்ததும், அடுப்படி ஜன்னலைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் சும்மா நின்றாள்.

கோயிலுக்குள் கிடாரா என்று சில பெரியவர்கள் கேட்டார்கள். 'சைலன்ட் நைட்' பாட்டே 1818 கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃப் கோயிலில் கிடாரோடுதான் முதன்முதலாகப் பாடப்பட்டது என்று கொயர் மாஸ்டர் எடுத்துச் சொன்னார். அதோடு அந்தப் பேச்சு ஓய்ந்தது.

பவனி ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பியது. முன்னால் பெட்ரோமாக்ஸ், பின்னால் நாங்கள். எனக்குத் தூக்கம் வரும் என்று பயந்து அம்மா என் கையை விடவே இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் நட்சத்திரம் எரியும், கேக்கோ காப்பியோ கிடைக்கும். நான் எல்லோரையும்போல மேல் ராகத்தைப் பாடிக்கொண்டு வந்தேன்.

நடுச்சாமம் தாண்டியபின் ஒரு வீடு. அதில் நட்சத்திரம் கட்டவில்லை. ஐப்பசியில் அங்கே ஒரு சாவு விழுந்திருந்தது. தாண்டிப் போய்விடலாமா என்று யாரோ கேட்டார்கள். கொயர் மாஸ்டர் தலையசைத்து, மெதுவாகப் பாடுவோம் என்று கை காட்டினார். அதற்கு முந்தின வீட்டில்தான் சித்தப்பாவின் கிடாரில் ஒரு கம்பி அறுந்திருந்தது. அவர் கிடாரை முதுகுக்குத் தள்ளிவிட்டுப் பேஸ்காரர்களோடு போய் நின்றுகொண்டார். வெறும் குரல்கள் மட்டும். கேட்டுக்கு வெளியே, ஈர மண்ணில் நின்று பாடினோம்.

முதல் சரணம் முடிகிற இடத்தில் நான் ராகத்தை விட்டேன். யோசித்துச் செய்யவில்லை. அம்மாவின் குரல் தோளுக்குமேல் கேட்டது, அதைப் பிடித்துக்கொண்டேன். ஸோ. அது என் வாய்க்குள்ளேயே நிறம் மாறியது. கீழே ஆண்களின் குரல் நகர நகர, நான் எதுவும் செய்யாமலே என் சுரம் வேறாகி வேறாகி வந்தது. பிறகு லா. 'இடமில்லை.' அரைப்படி. மேலே சொப்ரானோ அசையாமல் நிற்க, அம்மாவும் நானும் இன்னும் இரண்டு பெண்களும் மட்டும் இருட்டில் ஒரு படி இறங்கினோம். பிறகு இன்னொன்று.

வீட்டுக்குள் விளக்கு எரிந்தது. யாரோ ஜன்னல் பக்கம் வந்து நின்றார்கள்.

இரண்டாம் சரணம் தொடங்குவதற்கு முன்னால் அம்மா என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த தாளை மட்டும் எனக்கும் தெரிகிற உயரத்துக்கு இறக்கி, பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் விழுகிற பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள்.